ராகேலின் உபவாசம்

சாளை பொரிக்கும் மணம் பிடிக்காத ஆட்கள் இந்தப் பக்கத்தில் அதிகம் இல்லை. நான் ஒருவன். எண்ணெயில் மீன் விழுந்ததும் எழும் புகை சட்டையில் ஒட்டும். தலையணையில் ஒட்டும். குளித்தாலும் போகாது. அப்படியிருந்தும் இந்த வருஷம் மழை தொடங்கியதிலிருந்து எங்கள் வீட்டில் நாள்தோறும் நான்தான் மீன் பொரித்தேன். பொரித்ததை நான் சாப்பிடவில்லை. கிணற்றடிக்குப் பின்னால் குழி வெட்டிப் புதைத்தேன்.

நீங்கள் அதைத்தான் முதலில் கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. பெண்பிள்ளை உபவாசம் இருக்கும் வீட்டில் மீன் எதற்கு என்று. மீன்காரன் நூஹு சொல்லியிருப்பான். அவன் சொன்னது சரிதான். அவன்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

வரிசையாகச் சொல்கிறேன். கேட்டால் உங்களுக்கே விளங்கும்.

நான் திருவனந்தபுரத்தில் ரசாயனம் படித்தவன். படித்து முடித்து ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தேன். பிள்ளைகள் சிலேட்டில் எழுதியதை எச்சில் தொட்டு அழிப்பார்கள். உள்ளங்கையில் துப்பித் தேய்ப்பார்கள். சிலர் நேராக நாக்காலேயே நக்குவார்கள். வெயில் ஏற ஏற வகுப்பறையில் ஒரு வாடை வரும். காய்ந்த எச்சிலின் வாடை. அது எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் உங்கள் மணிக்கட்டை நக்கிவிட்டு, காய்ந்த பிறகு முகர்ந்து பாருங்கள். ஈரத்துணி கொண்டுவரச் சொன்னேன். துணியிலும் துப்பினார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டில் அந்த வேலையை விட்டேன்.

ஊரில் எனக்குக் கர்வம் என்றார்கள். கர்வம் இல்லை. மனிதனின் வாய் எனக்கு ஆகாது. சோறு மெல்லும்போது உதடு பிரியும் சத்தம், பல்லிடுக்கில் நாக்கு துழாவுவது, பேசப் பேசக் கடைவாயில் சேரும் வெள்ளை. சபையில் திருவிருந்து அன்று எல்லோரும் ஒரே பாத்திரத்தில் வாய் வைப்பார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குக் காய்ச்சல் வரும்.

இப்போதும் உங்கள் ரைட்டர் விரலை நாக்கில் தொட்டுத்தான் தாளைப் புரட்டுகிறார். குறையாகச் சொல்லவில்லை. நான் கையெழுத்துப் போட வேண்டிய தாள் அது என்பதால் சொல்கிறேன்.

ராகேலைப் பெண் பார்க்கப் போனபோது அவள் வீட்டில் சாப்பாடு போட்டார்கள். உள்ளே பெண்களோடு அவளும் உட்கார்ந்து சாப்பிட்டாள். கதவு இடுக்கில் தெரிந்தது. வாயை மூடி மென்றாள். சத்தம் இல்லை. தண்ணீர் குடித்தபோது தொண்டையில் அசைவு மட்டும் இருந்தது. அதற்காகத்தான் சம்மதித்தேன். அவளுக்குத் தாய் தகப்பன் இல்லை. ஒரே அண்ணன் சத்தியராஜ். கல்யாணத்தை முடித்த கையோடு அவன் சிலோனுக்குத் தேயிலைத் தோட்டத்தில் கங்காணி வேலைக்குப் போய்விட்டான்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. பிறக்க வழி இல்லை என்பது எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும். ஒரே கூரைக்குக் கீழே நான் ஓர் அறையில் படுத்தேன், அவள் ஓர் அறையில் படுத்தாள். அவள் அதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை.

இனி தொழிலைப் பற்றி.

சீமையிலிருந்து மால்ட் என்று ஒரு பாகு டப்பாவில் வருகிறது. நோயாளிகளுக்கும் பால் பற்றாத பிள்ளைகளுக்கும் கொடுப்பார்கள். பார்லியை முளைக்கவைத்துச் செய்வது. இங்கே பார்லி ஏது. மரச்சீனிக் கிழங்கு, மரவள்ளி என்பார்களே, அது இருக்கிறது. குழித்துறைச் சந்தையில் குவிந்து கிடக்கிறது. கிழங்கு மாவைச் சர்க்கரையாக மாற்றும் ஒரு சத்து இருந்தால் போதும். இங்கிலீஷில் அதை என்ஸைம் என்பார்கள். நான் நொதி என்று சொல்கிறேன். முளைத்த தானியத்தில் அது இருக்கிறது. மனித எச்சிலிலும் இருக்கிறது. சோற்றை வெகுநேரம் மென்றால் இனிக்கும் அல்லவா, அதனால்தான்.

கேழ்வரகை முளைக்கவைத்துச் செய்து பார்த்தேன். பாகு கறுத்தது, புளித்தது. எச்சில்தான் சுத்தமாக வேலை செய்தது. சிரிக்காதீர்கள். வேலை சுத்தம். பொருள்தான் அசுத்தம்.

கூழில் எச்சிலைக் கலந்துவிட்டால் காரியம் முடிந்தது. ஆனால் அந்தப் பாகு முழுக்க எச்சில். அதை ஒரு கைக்குழந்தையின் வாயில் விடுவதை என்னால் நினைக்க முடியவில்லை. வேறொருவன் என்றால் செய்து விற்றிருப்பான். நான் அதற்குத்தான் இரண்டு வருஷம் பாடுபட்டேன். நொதியை மட்டும் துளை நிறைந்த ஒரு திடப்பொருளில் பிடித்து நிறுத்த வேண்டும். எச்சிலில் மீதி உள்ள கோழையும் நுரையும் கழுவுகிற தண்ணீரோடு போய்விட வேண்டும். பிறகு அதன்மேல் கூழை விட்டால் கூழ் நுழையும், சர்க்கரையாக வெளியே வரும். நொதி கூட வராது. ஒட்டிய இடத்திலேயே நிற்கும். அடுத்த கூழுக்கும் அதே நொதி வேலை செய்யும். அமெரிக்காவில் யாரோ கரியில் இப்படிச் செய்து பார்த்ததாகக் கல்லூரியில் படித்திருக்கிறேன்.

முதலில் தேங்காய்ச் சிரட்டைக் கரியில் செய்தேன். கரி நொதியை உறிஞ்சிக்கொண்டது. ஆனால் கூழ் மாறவில்லை. ஏன் என்று வெகுநாள் தெரியவில்லை. கரியின் துளைகள் மிகச் சிறியவை. நொதி உள்ளே போய் உட்கார்ந்துவிடுகிறது, மாவு பின்னாலேயே நுழைய முடிவதில்லை. உள்ளே இருந்து என்ன பயன். பிறகு குசவர்களிடம் அரைவேக்காட்டுப் பானைகளை வாங்கினேன். உடைத்துப் பயறு அளவுக்குச் சில்லுகளாக்கிப் புளித்த காடியில் ஊறவைத்து, கழுவிக் காயவைத்தேன். அந்தத் துளைகள் சரியாக இருந்தன. சில்லுகளை ஒரு நீண்ட மண்குழாயில் நிரப்பி அடுப்புக்குப் பக்கத்தில் உடம்புச் சூட்டில் நிறுத்தினேன். மேலே நீர்த்த கூழை விட்டேன். கீழே சொட்டியதில் அயோடின் விட்டுப் பார்த்தேன். மாவு இருந்தால் மைபோல் நீலமாகும். நீலம் வரவில்லை.

அன்று எனக்கு மிகுந்த சந்தோஷம். என் வாழ்க்கையிலேயே சுத்தமான ஒன்றைச் செய்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ஒரு குறை இருந்தது. நொதி நிரந்தரமாக நிற்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று போனது, கொஞ்சம் செத்துப் போனது. சில்லுகளுக்கு அவ்வப்போது புதிய எச்சில் தேவைப்பட்டது.

கிழங்கு தோல் சீவ நான்கைந்து பெண்கள் வருவார்கள். அவர்களிடம் கேட்டேன். மருந்துப் பரிசோதனை என்று சொன்னேன். ஒருத்தி சீவிய கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"பாத்தியளா அக்கா, நம்ம எச்சிலுக்கும் ஆளு வந்தாச்சு."

"சாரே, எனக்க மாமியாருக்க எச்சிலு வேணுமா? வாழையில பட்டா வாழை கருகிப் போவும், அம்பிட்டு வீரியம்."

"ஏட்டி, சும்ம இரி. சாருக்க மொகத்தப் பாரு, ஓக்கானம் வருது."

உண்மைதான், குமட்டியது. அவர்கள் எல்லோரும் வெற்றிலை போடுகிறவர்கள். சட்டியில் சிவப்பாக, நூல் நூலாக, பாக்குத் துணுக்கோடு நிறைந்தது. புகையிலையும் சுண்ணாம்பும் கலந்த அந்த எச்சிலில் நொதி வேலை செய்யவில்லை. சட்டியைத் தொட்ட கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். அன்று முழுக்க என்னால் சாப்பிட முடியவில்லை. அவர்களை நிறுத்திவிட்டேன்.

சாயங்காலம் ராகேல் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு வந்து நின்றாள்.

"அவளுவ காறித் துப்புனதத் தொட்டுட்டு நீங்க பட்டினியா இருக்கிய. நான் தாறேன். வீட்டுல உள்ளது வீட்டுக்குள்ளயே இருக்கட்டு."

"உனக்கு அருவருப்பாக இருக்காதா?"

"எனக்க வாயில உள்ளதுதானே. எனக்கென்ன அறப்பு?"

சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். பிறகு சொன்னாள். "எனக்க கிட்ட இருந்து உங்களுக்கு ஒண்ணு வேணும்னா, அதுவே போதும்."

அவளாக முன்வந்தாள். இதைத் தாளில் தெளிவாக எழுதிக்கொள்ள வேண்டும்.

அவள் வெற்றிலை போடாதவள். கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு சிரட்டையில் தந்தாள். நான் பார்க்கவில்லை. இடுக்கியால் சிரட்டையைப் பிடித்து எடுத்தேன். அவளுடையது போல் வேலை செய்த எச்சில் எதையும் நான் கண்டதில்லை. அயோடின் நீலம் கண்ணெதிரே கரைந்தது. சிலருக்குக் குரல் நன்றாக இருக்கும் அல்லவா, அப்படி அவளுக்கு இது. அவளிடம் அதைச் சொன்னேன். வெட்கப்பட்டாள்.

பாகு விற்கத் தொடங்கியது. குழித்துறையில் கடைகள் கேட்டன. கிழக்கே கொட்டாரம் வரை போனது. எங்கள் சபை உபதேசியார் ஞானையனின் பேரப்பிள்ளைக்குத் தாய்ப்பால் பற்றாமல் எலும்பும் தோலுமாக இருந்தது. பாகைக் கொடுத்தார்கள். கன்னத்தில் சதை வைத்துவிட்டது. உபதேசியார் வீட்டுக்கே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணீர் என் கையில் விழுந்தது. கிணற்றடிக்குப் போய்க் கழுவினேன்.

தேவை கூடியது. ராகேல் தருவது போதவில்லை.

ஒருநாள் விறகு நனைந்து சமையல் தாமதமானது. பக்கத்து வீட்டில் மீன் பொரித்தார்கள். அன்று சிரட்டை நிறைந்து வழிந்தது. அதில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. வயிறு காலியாக இருந்து, மணமும் வந்தால் வாய் தானாகச் சுரக்கும். சாப்பிட்டுவிட்டால் நின்றுவிடும். மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிப்போடச் சொன்னேன். அவள் சம்மதித்தாள். பிறகு காலைச் சாப்பாட்டை. அதற்கும் சம்மதித்தாள். பட்டினி என்று நீங்கள் சொல்கிறீர்கள். நான் நேரத்தை மாற்றினேன், அவ்வளவுதான். சாயங்காலம் கஞ்சி கொடுத்தேன். சோறு வாயில் ஒட்டி, மறுநாள் எச்சில் கலங்கலாக வந்தது. அதனால் வடித்த தண்ணீரை மட்டும் கொடுத்தேன். உப்புப் போட்டுத்தான்.

அடுக்களைக்கு அடுத்த அறையில் அவளை இருத்தினேன். நடுவில் உள்ள சுவர் கூரை வரை எட்டாது, மணம் தாராளமாக வரும். மீனை நான் பொரித்தேன். சாளையைவிட நெத்திலி சீக்கிரம் வேலை செய்தது. சில நாள் மாங்காயைக் கீறி உப்பும் மிளகாயும் தடவி ஒரு தட்டில் அவள் முன்னால் வைப்பேன். பார்க்கலாம். தொடக்கூடாது. முதல் வாரத்தில் அவள் அதை விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டாள்.

"கசாப்புக்கடை நாய்க்கும் ஒரு எலும்பு உண்டு. எனக்கு மணம் மட்டுந்தானா?" என்றாள்.

பிறகு சிரிக்கவில்லை.

"ஒரு கண்டம் மீனு தாங்க. தின்னுட்டு ரெண்டு சிரட்டை தாறேன்."

"தின்றால் வராது."

"வரும். நான் வரவைப்பேன். தேவனாண வரவைப்பேன்."

ஒருநாள் நான் குழாய்க்குக் கூழ் விடப் போயிருந்தபோது எண்ணெய்ச் சட்டியில் விரலை விட்டு நக்கியிருக்கிறாள். விரல் வெந்திருந்தது. அதன் பிறகுதான் அறையைப் பூட்டினேன். அவள் கையைக் காப்பாற்றவும்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவள் ஆராதனைக்கு வராததை மாதர் சங்கத்தார் கவனித்தார்கள். சங்கத் தலைவி நேசம்மாள் இன்னும் இரண்டு பேரோடு வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு தூக்குப் பாத்திரம். புட்டும் பழமும் என்றாள். திருமணமாகி இத்தனை வருஷம் பிள்ளை இல்லாதவள் வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறாள் என்றால் என்ன நினைப்பார்கள். நான் பொய் சொல்ல நினைக்கவில்லை. வாயில் வந்தது.

"உபவாசத்தில் இருக்கிறாள்."

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. மூவரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். நேசம்மாள் பாத்திரத்தை முந்தானைக்குள் மறைத்தாள். உங்களுக்கு எங்கள் சபை வழக்கம் தெரிந்திருக்காது. பிள்ளை வரம் கேட்டு ஒருத்தி உபவாச ஜெபத்தில் உட்கார்ந்தால் அந்த வீட்டுக்குள் யாரும் உணவு கொண்டுபோக மாட்டார்கள். எத்தனை நாள் என்று கேட்க மாட்டார்கள். அது அவளுக்கும் கர்த்தருக்கும் நடுவில் உள்ளது. கேட்டால் அவள் பலன் போய்விடும் என்று பயம்.

"ஒரு பார்வ பாத்து ஜெபம் பண்ணிட்டுப் போறோம்" என்றாள் நேசம்மாள்.

மறுத்தால் சந்தேகம் வரும். கதவைத் திறந்தேன். ராகேல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தோள் எலும்பு சட்டைக்கு வெளியே எழும்பியிருந்தது. கண் பெரிதாகத் தெரிந்தது.

"ஆண்டவரே, மொகத்துல என்ன பிரகாசம்" என்றாள் நேசம்மாள்.

ராகேல் அவள் முந்தானையைப் பார்த்தாள். புட்டின் மணம் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அக்கா, அதுல செத்தம் தாருங்க. ஒரு நுள்ளு போதும்."

நேசம்மாள் பின்னால் நகர்ந்தாள். கண் கலங்கிவிட்டது. "சோதனையாக்கும் மக்கா. நான் அறியாம கொண்டு வந்துட்டேன், அது எனக்க தப்பு. இம்பிட்டு நாள் தாங்கினியே, இனியும் தாங்கு. பாதியில விட்டா ஒண்ணும் கிட்டாது."

"எனக்குப் பசிக்குது அக்கா."

"பசிக்கும் மக்கா. பசிச்சாத்தான் கேப்பாரு."

மூன்று பேரும் அவள் தலையில் கை வைத்து ஜெபித்தார்கள். நீண்ட ஜெபம். ராகேல் அவர்கள் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர்களும் அழுதார்கள். ஆவியானவர் இறங்கிவிட்டார் என்று நினைத்துக்கொண்டார்கள். போகும்போது நேசம்மாள் கையைப் பாத்திரத்துக்குள் விட்டு ஒரு பிடி புட்டைத் தன் வாயில் போட்டு மென்றுகொண்டே படியிறங்கினாள். பல்லில் தேங்காய்ப்பூ ஒட்டியிருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அன்று புட்டைப் பார்த்ததால் ராகேலுக்கு வாய் நன்றாக ஊறியது. அவர்கள் போனதும் சிரட்டையை எடுத்துப் போனேன். வீணாக்கவில்லை.

அடுத்த ஞாயிறு உபதேசியார் ஆராதனையில் அவள் பெயரைச் சொல்லி ஜெபித்தார். அதன் பிறகு எங்கள் வேலிப் படலையைக் கடக்கிறவர்கள் செருப்புச் சத்தம்கூடக் கேட்காமல் நடந்தார்கள். நான் யாரையும் தடுக்கவில்லை, ஐயா. ஊரே சுற்றி நின்று காவல் காத்தது.

நூஹு தேங்காப்பட்டணத்துக்காரன். கூடையைத் தலையில் வைத்து வீடு வீடாக விற்பவன். முன்பெல்லாம் எங்கள் வாசலில் நின்று கூவுவான், நான் வேண்டாம் என்பேன். இப்போது நாள்தோறும் வாங்கினேன்.

"சாரே, வீட்டுல அம்ம நோம்புன்னு ஊரே சொல்லுது. பின்ன இந்த மீனு ஆருக்கு?"

"எனக்கு."

"சாருக்கு மீனு ஆவாதுல்லா. இந்த வாசல்ல கூவிக் கூவி நாக்கு வறண்டவன் நான்."

"இப்போது பிடிக்கிறது."

"கொள்ளாம். பொஞ்சாதி நோம்பு பிடிச்சா மாப்பிளைக்கு நாக்கு முளைக்கும் போல."

ரம்ஜான் பிறந்தது. அவனும் நோன்பு வைத்துக்கொண்டே வெயிலில் மீன் விற்றான். ஒருநாள் நான் சட்டியில் மீனைப் போட்ட நேரத்தில் பாக்கிக் காசுக்காகப் புறவாசலுக்கு வந்தான். அப்படியே நின்றுவிட்டான். வாயில் ஊறியதை விழுங்கப் பயந்து வேலியோரம் துப்பினான். மறுபடியும் துப்பினான். தெளிவாக, நிறைய இருந்தது. அவனும் வெற்றிலை போடாதவன். ஒரு கணம் எனக்கு வேறொரு எண்ணம் வந்தது. ஆண்பிள்ளை, கையில் பலம் உள்ளவன். விட்டுவிட்டேன்.

"சாரே, இந்த மணம் எனக்கே தாங்கல. உள்ள இருக்க அம்ம எப்பிடித் தாங்குதாவ?"

"பழகிவிட்டாள்."

"எப்பத் தொறப்பாவ?"

"எதை?"

"நோம்ப. எங்களுக்கு அந்திக்கு பாங்கு சொன்னா ஒரு மொடக்கு வெள்ளம், ஒரு ஈத்தம்பழம். அம்மைக்கு எப்ப?"

"எங்கள் உபவாசம் வேறு மாதிரி."

"வேற மாதிரின்னா? அந்தி இல்லாத நோம்பு உண்டா சாரே?"

சபையில் ஒருவரும் கேட்காத கேள்வி. காசைப் படிக்கல்லில் வைத்தேன். அவன் எடுக்காமல் போனான்.

மறுநாள் சாயங்காலம் அவன் பெண்சாதி பல்கீஸ் பீவி கொடுத்தனுப்பியதாக ஒரு மண்கலயத்தில் நோன்புக் கஞ்சி கொண்டுவந்தான். அவள் கையில் கொடுக்க வேண்டும் என்றான். உறங்குகிறாள் என்று நானே வாங்கிக்கொண்டேன். அடுத்தவர் வீட்டுக் கலயம். யார் அகப்பையை யார் வாயில் வைத்தார்களோ. தென்னை மூட்டில் கொட்டிவிட்டுக் கலயத்தைக் கவிழ்த்து வைத்தேன். ராகேலுக்கு மணம் தெரிந்திருக்கிறது. உள்ளேயிருந்து கதவைத் தட்டினாள். தட்டும் சத்தம் சிறியதாக இருந்தது, அணில் ஓடுவதுபோல்.

அந்தச் சமயத்தில் அவளுக்குச் சுரப்பு குறைந்துவிட்டிருந்தது. மீனைப் பொரித்தாலும் வாய் வறண்டிருந்தது. நாக்கு தடித்து வெடித்திருந்தது. ஒரு சிரட்டையின் அடி நனையவே மத்தியானம் தாண்டியது. புளி கரைத்து உதட்டில் தடவிப் பார்த்தேன். புண்ணில் பட்டுக் கத்தினாளே தவிர ஊறவில்லை. இதன் பொருள் என்ன என்று எனக்குத் தெரியாதா என்று கேட்கிறீர்கள். தெரியும். நான் படித்தவன். உடம்பில் இல்லாதது வாயில் எப்படி வரும். கிறிஸ்மஸுக்குள் அனுப்ப வேண்டிய பாகு இருந்தது. பிள்ளைகளுக்கானது. அது முடிந்ததும் அவளுக்குச் சோறு கொடுக்கலாம் என்று நினைத்திருந்தேன். அப்படி நினைத்தது உண்மை.

நேற்றுக் காலை நூஹு கலயத்தை வாங்க வந்தான். தென்னை மூட்டில் காக்கை கஞ்சியைக் கொத்திக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனான். அறை ஜன்னலில் கம்பியைப் பிடித்து எம்பிப் பார்த்தான். "யா அல்லா" என்றான். ராகேல் உள்ளே ஏதோ சொன்னாள், எனக்குக் கேட்கவில்லை. பூட்டை உடைக்கப் பார்த்தான், முடியவில்லை. கூடையையும் மீனையும் முற்றத்தில் போட்டுவிட்டுக் குழித்துறைக்கு ஓடினான். உங்களிடம்தான்.

நீங்கள் வரும்வரை வீட்டில் நானும் அவளும் இருந்தோம். ஓடிப்போக நினைக்கவில்லை. பூட்டைத் திறந்து வைத்தேன். அவள் எழுந்து வரவில்லை. வர முடியாது என்று தெரிந்தது. முற்றத்தில் சிதறிய மீனில் ஈ மொய்த்தது. அதைப் பொறுக்கிப் புதைத்துவிட்டு வந்து வாசலில் உட்கார்ந்தேன்.

அடுக்களையில் இருந்த புட்டிகளை நீங்கள் சீல் வைத்திருக்கிறீர்கள். அதைப் பற்றி ஒரு வார்த்தை. பாகை அழிக்க வேண்டாம். அதில் எச்சில் கிடையாது. நொதி சில்லில் நின்றுவிட்டது, மற்றது கழுவிப் போய்விட்டது. எந்தக் கல்லூரியில் வேண்டுமானாலும் கொடுத்துப் பாருங்கள். உபதேசியாரின் பேரப்பிள்ளை குடித்தது சுத்தமான சர்க்கரை. ஊரில் இப்போது தாய்மார்கள் பிள்ளைகளின் தொண்டையில் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அது அறியாமை. அவர்களிடம் யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

அவளைப் பூட்டி வைத்தது நான். சோறு கொடுக்காதது நான். செத்துப்போவாள் என்று தெரிந்தும் நிறுத்தாதது நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கொடுமை செய்தேன் என்ற வார்த்தை வேண்டாம். நான் அவளை அடித்ததில்லை. ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை.

சாவதற்கு முன் கடைசியாக அவள் என்ன சொன்னாள் என்று கேட்டீர்கள். உங்கள் ஆட்கள் வருவதற்குச் சற்று முன்னால் அவள் கூப்பிட்டாள். அறை வாசற்படியில் நின்றேன். திறந்த கதவு வழியே தெரிந்த அடுக்களை அலமாரியில் இருந்த புட்டிகளைக் கண்ணால் காட்டினாள்.

"அதுல ஒரு கரண்டி" என்றாள். "எனக்க வாயில விடுங்க."

அலமாரி நிறையப் பாகு இருந்தது. கரண்டியும் பக்கத்திலேயே இருந்தது. நான் எடுக்கவில்லை. அது எச்சில், ஐயா. எச்சிலை எடுத்து ஒரு மனுஷி வாயில் எப்படி ஊற்றுவது. அவளை நான் அவ்வளவு கேவலமாக ஒருநாளும் நடத்தியதில்லை.